உடைந்த பாய்மரத்தோடு வந்த 'எரோ': ஒரு மரக்கப்பல் பெட்டியைப் பற்றி

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக் கொடுத்தவன் நான். மாணவன் முக்காலி செய்து கொண்டுவந்து வைத்தால் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பேன். மேலே மெருகு பளபளக்கும். அடியில் பசை வழிந்து காய்ந்திருக்கும். என் மதிப்பெண் எப்போதும் அடிப்பாகத்துக்குத்தான். அதனால் இந்தப் பெட்டியைப் பற்றி நான் எழுதப்போவதில் கொஞ்சம் கடுமை இருந்தால் அது பழக்கதோஷம்.

பொருள் இது: 74 பீரங்கிகள் கொண்ட 'எரோ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மரமாதிரி. நாமே கட்டிக்கொள்ள வேண்டிய பெட்டி. 72இல் ஒரு பங்கு அளவு. முடித்து நிறுத்தினால் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நீட்டிக்கொண்டிருக்கும் சாய்மரத்தோடு சேர்த்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. என் மகள் பிரான்சில் மார்செய் நகரில் வேலை பார்க்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கதவுகளையும் சன்னல்களையும் தேவையில்லாமல் இழைத்துக்கொண்டிருப்பதாக அவள் அம்மா புகார் சொல்லியிருக்கிறாள். ஐந்நூறு யூரோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து அங்கே ஒரு கடையில் இதை வாங்கி அனுப்பிவிட்டாள். விலையை எட்டு மாதம் என்னிடம் மறைத்தாள். தெரிந்திருந்தால் பெட்டியைத் திறந்தே இருக்க மாட்டேன்.

"ஏன் இந்தக் கப்பல்?" என்று கேட்டேன். "நம்முடைய ஊருக்கு வந்த கப்பல், அப்பா" என்றாள். நாங்கள் கடலூர் முதுநகர்க்காரர்கள். புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை. எரோ அவருடைய கப்பல்.

திறந்ததும் முதல் ஏமாற்றம். நடுப் பாய்மரத்துக்கான உருளைக் கட்டை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முறிந்திருந்தது. வழியில் முறிந்ததில்லை. அந்த இடத்தில் மரத்தின் இழை குறுக்கே ஓடியிருந்தது. அப்படிப்பட்ட கட்டையைப் பாய்மரத்துக்கு யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அடுத்து, பித்தளைப் பீரங்கிக் குழல்களை அளவு வாரியாகப் பிரித்து வேட்டியின் மேல் அடுக்கி எண்ணினேன். கீழ்த்தட்டுக்கு 28, மேல்தட்டுக்கு 30, அதற்கும் மேலே உள்ள சிறியவை 16 இருக்க வேண்டும். சிறியவை 15தான் இருந்தன. 74 பீரங்கிக் கப்பல் என்று மூடியில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு 73 கொடுப்பது என்ன கணக்கு? கடைக்கு மகள் மின்னஞ்சல் அனுப்பினாள். மன்னிப்பும் வருத்தமும் அன்றே வந்தன. பொருள் வரவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுமானத்துக்கு வருகிறேன். மரம் நன்றாக இருக்கிறது. கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையும் விலா எலும்புகளான வங்குகளும் ஒட்டுப்பலகையில் இயந்திரத்தால் வெட்டப்பட்டவை. வெட்டு அவ்வளவு துல்லியம். இருபத்தெட்டு வங்குகளையும் பசையில்லாமல் ஏராவில் செருகி நிறுத்தினேன், ஒன்றுகூட ஆடவில்லை. மீனின் முள்ளைப் போல நின்ற அந்த உருவத்தைப் பார்த்த அன்றைக்கு முறிந்த பாய்மரத்தை மன்னித்துவிட்டேன். வங்குகளின் மேல் இரண்டு அடுக்குப் பலகை பொருத்த வேண்டும். முதலாவது மென்மரம், இரண்டாவது வால்நட். அணியத்தில் பலகை வளையும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். கையேடு, பலகையைக் கால் மணி நேரம் நீரில் ஊறவைக்கச் சொல்கிறது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பிறகு பசை பிடிக்காது என்று அதை எழுதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் மழைநீரைப் பிடித்துவைத்து, ஊறவைத்து, பழைய இஸ்திரிப் பெட்டியின் மூக்கில் வைத்து வளைத்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வேலையை நிறுத்திவிட்டேன். ஈரக்காற்றில் பலகை உப்பிக்கொண்டு வரிசை கலைந்தது. கப்பல் மொத்தம் பதினான்கு மாதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. "கப்பல் கரையேறினால்தான் இந்த வீட்டில் இலை போட முடியும்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

கையேட்டோடு இன்னொரு சிறு புத்தகமும் இருந்தது. சுஃப்ரேனின் வாழ்க்கை, நாற்பது பக்கம், பிரெஞ்சில் மட்டும். மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் நாலு பக்கம் படித்துத் தமிழில் சொல்வாள். நான் காதில் கேட்டபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். உண்மையில் இந்தப் பெட்டியில் நான் அதிகம் அனுபவித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். ஆனால் அதற்கும் மதிப்பெண் உண்டு, கழிவும் உண்டு.

பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன் 1729இல் தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், சேன் கன்னா என்ற ஊரின் மாளிகையில் பிறந்தவர். செல்வக் குடும்பம்தான், ஆனால் மூன்றாவது மகன். சொத்து மூத்தவனுக்கு, இளையவன் கடலுக்கு. பதினான்கு வயதில் துலோன் துறைமுகத்தில் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1744இல், முதல் போரைப் பார்த்துவிட்டார். 1747இல் ஆங்கிலேயர்களிடம் சிறைப்பட்டார். விடுதலையானார். 1759இல் போர்ச்சுகல் கரையோரம் மறுபடியும் சிறைப்பட்டார். இடையிடையே மால்டா தீவின் வீரத்துறவிகள் சபையில் சேர்ந்து அவர்களுடைய கப்பல்களில் மத்தியதரைக் கடலைச் சுற்றினார். பிரெஞ்சுக் கடற்படை ஓய்ந்து கிடந்த ஆண்டுகளிலும் அவர் கடலிலேயே இருந்தார் என்பது இதில் முக்கியம். இந்தப் பகுதியைப் புத்தகம் பதினைந்து பக்கத்துக்கு இழுத்திருக்கிறது. சபையின் சின்னம், அங்கியின் நிறம், மாமன் மச்சான் பட்டங்கள் எல்லாம் உண்டு. எனக்குத் தூக்கம் வந்தது.

அவர் நம்முடைய கடலுக்கு வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் நான் ஓய்வூதியக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1781 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஐந்து பெரிய போர்க்கப்பல்களோடு புறப்படுகிறார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கியிருந்த காலம். வழியில் கேப் வெர்ட் தீவில், போர்த்தோ பிரையா என்ற இடத்தில், ஆங்கிலக் கப்பற்கூட்டம் ஒன்று நங்கூரமிட்டு நிற்பதைப் பார்க்கிறார். அது போர்ச்சுகலுக்குச் சொந்தமான, போரில் சேராத துறை. அதைப் பொருட்படுத்தாமல் நேரே உள்ளே நுழைந்து தாக்குகிறார். அவருடைய தளபதிகளில் பாதிப்பேர் சரியாகப் பின்தொடரவில்லை. வெற்றியென்று சொல்ல முடியாத குழப்பம். ஆனால் அடிபட்ட ஆங்கிலேயர் தாமதிக்க, இவர் முந்திப்போய் டச்சுக்காரர்களின் நன்னம்பிக்கை முனையைக் காப்பாற்றிவிடுகிறார். மனிதரின் குணம் முழுவதும் இந்த ஒரு காலைப்பொழுதில் இருக்கிறது: பொறுமை கிடையாது, விதிமுறை பற்றிய கவலை கிடையாது, தன் தளபதிகளை நம்பிக் கெடுவார், பிறகு கத்துவார்.

1782 பிப்ரவரியில் மேலதிகாரி தோர்வ் நடுக்கடலில் நோயில் இறந்துபோகிறார். கப்பற்கூட்டம் சுஃப்ரேன் கைக்கு வருகிறது. இங்கேதான் புத்தகம் சுவையாக வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபமும் வந்தது. அதிலுள்ள வரைபடத்தில் சோழமண்டலக் கரை ஒரு வெறுங்கோடு. அதன்மேல் சத்ராஸ், நெகபத்தாம், கூதலூர், போர்த்தோ நோவோ என்று நான்கு பெயர்கள். மகள் படிக்கப் படிக்க, "இது சதுரங்கப்பட்டினம், இது நாகப்பட்டினம், இது நாம், இது பரங்கிப்பேட்டை" என்று பென்சிலால் நான் எழுதிக்கொண்டேன். ஊர்ப்பெயரை அவர்கள் அவர்களுடைய நாக்குக்கு ஏற்பச் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் கரையின் குணத்தைச் சொல்லாமல் இந்த மனிதரின் கதையை எப்படிச் சொல்வது?

எங்கள் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இடமில்லை. கடலூர் என்றால் உப்பனாற்று முகத்துவாரம். தோணி நுழையும், 55 மீட்டர் நீளக் கப்பல் நுழையாது. வெளியே, அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். புதுச்சேரியை ஆங்கிலேயர் 1778இலேயே பிடித்துவிட்டிருந்தார்கள். நாகப்பட்டினத்தை 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து பறித்தார்கள். 1782 சனவரியில் திருகோணமலையையும். ஆக, சுஃப்ரேன் வந்து சேர்ந்தபோது இந்தக் கடலில் அவருக்கென்று ஒரு துறைமுகம்கூட இல்லை. பாய்மரம் முறிந்தால் மாற்ற மரமில்லை, கயிறு அறுந்தால் கயிறில்லை, நோயாளியை இறக்க மருத்துவமனை இல்லை. அருகிலுள்ள பிரெஞ்சுத் தளம் மொரீசியசு. போக வர மாதக்கணக்கு. "திரும்பி வந்து பழுது பார்த்துக்கொள்" என்று உத்தரவு வந்தது. அவர் போகவில்லை. போனால் கரையில் இறங்கிய பிரெஞ்சுப் படையும் மைசூர் ஹைதர் அலியோடு செய்துகொண்ட ஏற்பாடும் என்ன ஆகும் என்று இங்கேயே இருந்துவிட்டார். சிறிய கப்பல்களின் மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பலுக்கு வைத்தார். பெரியதன் மிச்சத்தைச் சிறியதற்கு வைத்தார். மரவேலை தெரிந்தவனுக்கு இதுதான் வீரம். துப்பாக்கிச் சத்தமெல்லாம் பிறகு.

எதிரே ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். பதினேழு மாதத்துக்குள் இருவரும் ஐந்து முறை மோதினார்கள். பிப்ரவரி 17 சதுரங்கப்பட்டினத்துக்கு வெளியே. ஏப்ரல் 12 இலங்கைக் கரையில் புரொவிதியென் என்ற சிறு தீவருகே. சூலை 6 நாகப்பட்டினம். செப்டம்பர் 3 திருகோணமலை. அடுத்த ஆண்டு சூன் 20 கடலூர். இந்த ஐந்து போரிலும் இரு தரப்பிலும் ஒரு பெரிய போர்க்கப்பல்கூடப் பிடிபடவும் இல்லை, மூழ்கவும் இல்லை. செத்தது மனிதர்கள் மட்டும்.

நாகப்பட்டினம் போரைப் பற்றிப் படித்த அன்று நான் சிரித்துவிட்டேன். நண்பகல் தாண்டியதும் "எதிர்பாராத விதமாக" காற்று திசை மாறி, இரண்டு அணிகளும் கலைந்து, கப்பல்கள் திக்குக்கு ஒன்றாகத் திரும்பிக்கொண்டன என்று எழுதியிருக்கிறது. ஆனி மாதத்தில் பகல் ஒரு மணிக்குக் கடல்காற்று எழும் என்பது எங்கள் பக்கத்துத் தெருவில் வலை பின்னும் பையனுக்குத் தெரியும். அந்தக் குழப்பத்தில் 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் தளபதி அஞ்சிக் கொடியை இறக்கிவிட, அவருடைய கீழதிகாரிகள் அதை மறுபடி ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். சுஃப்ரேன் கரைக்கு வந்ததும் நான்கு தளபதிகளின் பதவியைப் பறித்தார்.

திரும்பவும் பெட்டிக்கு. நீருக்குக் கீழே இருக்கும் பகுதிக்குச் செப்புத் தகடு ஒட்ட வேண்டும். நகத்தைவிடச் சிறிய தகடுகள், இரண்டாயிரத்துக்கும் மேல். பின்பக்கம் பசை தடவியே வருகிறது, நல்ல பசை. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிலிருந்தும் பாசியிலிருந்தும் காக்க அந்தக் காலத்தில் கண்டுபிடித்த உபாயம் இது. சுஃப்ரேனின் எல்லாக் கப்பல்களுக்கும் இந்தத் தகடு கிடையாது. அதனால் சில வேகமாகவும் சில தத்தளித்தும் வர, அணிவகுப்பே குலைந்தது. தகடு ஒட்டிய ஆறு வாரத்தில் எனக்குக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. ஆனாலும் முடிந்தபோது அடிவயிறு புதுக் குத்துவிளக்குப் போல மின்னியது. என் மனைவி புளி போட்டுத் துலக்கட்டுமா என்று கேட்டார்.

குறைந்த பீரங்கிக்கு ஒரு பித்தளைத் திருகாணியைக் கடைசல் பிடித்து ஒப்பேற்றினேன். இடப்பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது. வந்து பார்க்கும் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. உண்மைக் கப்பலில் கீழ்த்தட்டுப் பீரங்கி ஒவ்வொன்றும் 36 பவுண்டுக் குண்டு எறியும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பவுண்டில் அது பதினேழரைக் கிலோவுக்கு மேல். 74 பீரங்கிகளையும் இழுத்துத் தள்ளிச் சுடவும் பாய்களை ஏற்றி இறக்கவும் எழுநூறு பேருக்கு மேல் அந்த ஒரே கப்பலுக்குள் இருந்தார்கள். 72இல் ஒரு பங்கு மனிதன் இரண்டரைச் சென்டிமீட்டர் கூட இல்லை. பெட்டியில் பன்னிரண்டு ஈய உருவங்கள் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் நீலச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெளுத்த முகம்.

இதில் எனக்கு ஒரு பெரிய மறுப்பு உண்டு. நோயிலும் போரிலும் ஆட்கள் கரைந்துபோய், 1783 சூனில் சுஃப்ரேனிடம் கப்பல் இருந்தது, ஓட்ட ஆளில்லை. கடலூருக்கு வெளியே வந்து நின்று, கரையில் முற்றுகைக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடமிருந்து 1200 பேரை வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அதில் பாதி, அறுநூறு பேர், நம் நாட்டுச் சிப்பாய்கள். அன்று 15 பிரெஞ்சுக் கப்பல்கள் 18 ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்து நின்றதற்கு அந்தக் கைகளும் காரணம். சிறு புத்தகம் இதை ஒரு வரியில், "கூடுதல் ஆட்கள்" என்று கடந்துவிடுகிறது. பன்னிரண்டு உருவங்களில் ஐந்துக்கு நானே மாநிறம் பூசி, சிவப்பு நூலைச் சுற்றித் தலைப்பாகை வைத்தேன். ஈயத்தில் வண்ணம் நன்றாகப் பிடிக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு மௌனம் இதைவிட மோசம். 1782 சூலையில் கடலூருக்கு அருகே ஹைதர் அலியும் சுஃப்ரேனும் சந்தித்த காட்சியை மூன்று பக்கம் விவரித்திருக்கிறார்கள். சுஃப்ரேன் பெருத்த உடம்புக்காரர். சப்பணம் போட்டு உட்கார முடியாமல் திண்டாடியதைப் பார்த்த ஹைதர், சம்பிரதாயம் கிடக்கட்டும் என்று மெத்தைகள் கொண்டுவரச் சொன்னாராம். அழகான காட்சிதான். ஆனால் அதே கோடையில், சோறு போட வழியில்லை என்று, கையிலிருந்த நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கைதிகளை சுஃப்ரேன் ஹைதரிடம் ஒப்படைத்ததும், மைசூர்ச் சிறைகளில் அவர்கள் பட்ட பாடும் புத்தகத்தில் இல்லை. அவர் காலத்திலேயே அதற்காகக் கடுமையாகப் பழிக்கப்பட்டார். இரண்டு முறை தாமே போர்க்கைதியாக இருந்த மனிதர் அவர். பிடித்தவர்களிடம் விட்டுவிட்டுப் பிடிக்காதவர்களிடம் மட்டும் குறை தேடுவது ஆசிரியர் வேலை இல்லை. அதனால் அந்தப் பகுதிக்கு நான் பூச்சியம் போட்டேன்.

இப்போது பித்தளைப் பட்டயம். கப்பலை நிறுத்தும் பீடத்தில் பதிக்க, அழகாகப் பொறித்த பட்டயம் ஒன்று இருக்கிறது. "சுஃப்ரேன், எரோவின் மேல்தட்டில், கூதலூர், 1783 சூன் 20." என் ஊர்ப் பெயரைப் பித்தளையில் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த ஞாயிறு மகள் போரின் பகுதியைப் படித்தபோது அது சுருங்கிவிட்டது. முந்தைய ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் தளபதி தெ கிராஸ் தன் கொடிக்கப்பலோடு சேர்ந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதால், இனிமேல் கப்பற்கூட்டத்தின் தலைவர் சண்டையின்போது அணிவகுப்புக்கு வெளியே சிறிய கப்பலில்தான் இருக்க வேண்டும் என்று மன்னர் உத்தரவு போட்டிருந்தார். கடலூர்ப் போரன்று சுஃப்ரேன் இருந்தது 'கிளியோபாத்ரா' என்ற சிறுகப்பலில். எரோ அணியில் நின்றது. அவர் அதில் இல்லை. பெட்டிக்குள்ளேயே இருக்கும் புத்தகம் சரியாகச் சொல்கிறது, பெட்டிக்குள்ளேயே இருக்கும் பட்டயம் தவறாகச் சொல்கிறது. ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

அந்தப் போரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று மாலை எங்கள் கடலில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் இருநூறு பேர் இறந்தார்கள். ஹியூஸ் தண்ணீரும் ஆட்களும் தீர்ந்து சென்னைக்குத் திரும்பினார். கடலூர் முற்றுகை தளர்ந்தது. சூன் 29ஆம் நாள், வெள்ளைக்கொடி கட்டிய ஆங்கிலக் கப்பல் ஒன்று செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதல் கையெழுத்து சனவரி 20ஆம் தேதியே ஆகிவிட்டது. சண்டைக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு. மகள் இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. நானும் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

சரி, எரோவில் சுஃப்ரேன் உண்மையிலேயே நின்ற நாள் எது? திருகோணமலை. 1782 ஆகஸ்டு கடைசியில் திடீரென்று இறங்கி அந்தத் துறைமுகத்தைப் பிடித்துவிட்டார். கடைசியில் அவருக்கு ஒரு துறைமுகம். மூன்றே நாளில் ஹியூஸ் வந்தார். செப்டம்பர் 3ஆம் தேதிப் போரில் பிரெஞ்சு அணி சிதறிப்போக, நடுவில் எரோவும் இன்னும் இரண்டு கப்பல்களும் மட்டும் ஆங்கிலேயரின் நெருப்பு முழுவதையும் தாங்கின. எரோவின் நடுப் பாய்மரம் முறிந்து கடலில் விழுந்தது. அதன் உச்சியிலிருந்த கொடியும் கூடவே போயிற்று. கொடி இறங்கினால் சரணடைந்ததாகப் பொருள். சுஃப்ரேன் மேல்தட்டில் நின்று, "வெள்ளைக் கொடிகள்! கப்பலைச் சுற்றி வெள்ளைக் கொடிகளைக் கட்டுங்கள்!" என்று கத்தியதாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைதான் பிரெஞ்சுக் கடற்படைக் கொடி. சரண் கொடி அல்ல. நாலு நாள் கழித்துத் துறைக்குள் நுழைகையில் 'ஒரியான்' என்ற அவருடைய கப்பல் பாறையில் ஏறிப் பாழானது. அதன் பாய்மரங்களைக் கழற்றினார்கள். எரோவுக்கு மறுபடியும் மரம் கிடைத்தது. அடுத்த மாதமே 'பிசார்' என்ற இன்னொன்று எங்கள் கடலூருக்கு அருகிலேயே தரைதட்டி உடைந்தது.

"அப்பா, நடுப் பாய்மரம்!" என்றாள் மகள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கடை அனுப்பிய முறிந்த கட்டையும் நடுப் பாய்மரம்தான்.

கடைக்குக் கடிதம் எழுதுவதை அன்றோடு விட்டேன். பரணில், பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் கண்காட்சிக்குச் செய்த ஒரு தோணி மாதிரி கிடந்தது. தேக்கில் செய்தது, ஒரு பக்கம் கரையான் அரித்தது. அதன் பாய்மரத்தைக் கழற்றி, இழைத்து, எரோவின் நடுவில் நட்டேன். மற்ற இரண்டு மரத்தையும்விட நிறம் சற்று அடர்த்தி. வண்ணம் பூசி மறைக்க மனம் வரவில்லை. பட்டயத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நானே உளியால் பொறித்தேன்: "திருகோணமலை, 1782 செப்டம்பர் 3." எழுத்து கொஞ்சம் கோணல்.

கயிறு வேலையைப் பற்றி எச்சரிக்கை: கொடுத்திருக்கும் நூல் போதாது. கயிற்றேணிகள் முடிவதற்குள் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. பருமல்களை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளைக் கட்டும் மெல்லிய நூல் பாதியிலேயே போயிற்று. முதுநகர்க் கடைத்தெருவில் வலைக்கு விற்கும் நூலை வாங்கி, மெழுகு தடவி முறுக்கிக்கொண்டேன். கொடுத்ததைவிட அது உறுதி. பாய்த்துணி சட்டைக் காலர் போல விறைப்பாக, வெள்ளை வெளேரென்று வருகிறது. ஈராண்டு உப்புக்காற்றில் கிடந்த கப்பலின் பாய் அப்படியா இருக்கும்? தேநீர் வடிநீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் நன்றாக இருக்கின்றன. ஊர் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில், ஐந்து முறை அவரோடு சண்டையிட்ட ஆங்கிலக் கப்பல் தளபதிகள் அவருடைய கப்பலுக்கே வந்து மரியாதை செய்தார்கள். 1784 மார்ச்சில் துலோன் போய்ச் சேர்ந்தார். அவருக்காகவே நான்காவதாக ஒரு துணை அட்மிரல் பதவியை மன்னர் உண்டாக்கினார். அவரோடு முடிந்துவிடும் பதவி. 1788 டிசம்பர் 8ஆம் நாள் பாரிசில் இறந்தார். வாட்போரில் செத்தார் என்று ஒரு வதந்தி உண்டு, நோய்தான். புரட்சியின்போது, 1793இல், அவருடைய கல்லறையை உடைத்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், எரோ கட்டப்பட்ட துலோனிலேயே, அதை எரித்துவிட்டார்கள்.

மதிப்பெண்: மரமும் வெட்டும் 25க்கு 23. பித்தளை, செம்பு வேலை 20க்கு 15. நூலும் பாயும் 15க்கு 6. கையேடு 15க்கு 9. படங்கள் தெளிவு, ஆனால் பதினேழாம் பக்கத்துக்கும் பத்தொன்பதாம் பக்கத்துக்கும் இடையே ஒரு படி தாவியிருக்கிறது. வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் 15க்கு 7. விற்பனைக்குப் பிந்தைய கவனிப்பு 10க்கு 2, அந்த இரண்டும் மன்னிப்புக் கடிதத்தின் நடைக்காக. மொத்தம் நூற்றுக்கு 62. முதல் முறையாக மரக்கப்பல் கட்டுகிறவர்களுக்கு இது வேண்டாம். சிறிய ஒற்றைப் பாய்மரத் தோணி ஒன்றில் கை பழகிவிட்டு வரலாம். வாங்கினால் பெட்டி வந்த அன்றே பீரங்கிகளை எண்ணுங்கள். மழைக்காலத்துக்கு முன் பலகை வேலையை முடித்துவிடுங்கள்.

கப்பல் இப்போது கூடத்துச் சன்னலோரம் கிழக்குப் பார்த்து நிற்கிறது. மேசையில் இலை போட்டுச் சாப்பிடுகிறோம். பாய்களை ஏற்றிக் கடைசி முடிச்சையும் போட்ட பிறகு, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தபால்காரர் நீண்ட குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே மாற்று நடுப் பாய்மரம், ஒரு பீரங்கிக் குழல், மறுபடியும் ஒரு மன்னிப்புக் கடிதம். கட்டையை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்த்தேன். இந்த முறை நேராக ஓடியிருந்தது. பரணில், பாய்மரம் இல்லாத அந்தத் தோணிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.